பதினான்கு நாள் பத்தியம்

துடியலூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பார்மசிஸ்ட் பெண் போன வாரம் போன் செய்தாள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் போன்கள் இரண்டே வகை. ஒன்று கேஸ் சிலிண்டர்க்காரர். இன்னொன்று தவறிப்போய் வருவது. அதனால் "சார், உங்ககிட்ட ஒரு சந்தேகம்" என்று ஒருத்தி கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

"வயித்துப்போக்கு வந்த குழந்தைங்களுக்கு சிங்க் மாத்திரை பதினாலு நாளைக்குக் கொடுத்து அனுப்பறேனுங்க சார். மூணாம் நாள் பேதி நின்னதும் மாத்திரையையும் நிறுத்திப்போடறாங்க. உங்க பழைய ஊர்ல மட்டும் கடைசி மாத்திரை வரைக்கும் கொடுக்கறாங்களாமே, என்னங்க சார் பண்ணுனீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலை கண்ணு. என்ற சட்டை நனைஞ்சுது, அவ்வளவுதான்" என்றேன்.

அவள் கொஞ்சம் தயங்கி, "சார், பிரஷருக்கு மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். ஆகவே எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் டாக்டராக வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். என் மதிப்பெண்கள் அதற்கு ஒத்துவரவில்லை. பார்மசி டிப்ளமா படித்தேன், அதில் கற்றதைவிட உடைத்த கண்ணாடிச் சாமான்கள் அதிகம். கடைசியில் பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசாங்கம் என்னை ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தது. என்னால் வேறு எதுவும் உடையாது என்று நினைத்திருப்பார்கள்.

என் அறைக்கு ஜன்னல் இரண்டு. முன்ஜன்னல் ஊருக்கு. அதில் அவர்கள் சீட்டை நீட்டுவார்கள், நான் மாத்திரையை நீட்டுவேன். பின்ஜன்னல் தோப்பைப் பார்த்தது, அது காற்றுக்கு. ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மாத்திரைக்காரரு' என்பார்கள். தன்னை 'மாத்திரைக்காரரு சம்சாரம்' என்று அழைத்ததற்காக என் மனைவிக்கு இன்றைக்கும் என்மேல்தான் கோபம்.

எங்கள் டாக்டரம்மா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார்; அதுதான் எங்களுக்குப் பயம். கைக்குழந்தைக்கும் 'ங்க' போடுவார். "ஏனுங் சாமி, கொஞ்சம் வயித்தைக் காட்டுங்க" என்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் தொடுவார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விடுவார். தோல் சட்டென்று படிந்தால் சரி. சோம்பலாக இறங்கினால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது. கண் குழிந்திருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீரை உதட்டருகே கொண்டுபோவார். தாகத்தோடு தாவிக் குடிக்கும் குழந்தையைக் கண்டால் அவர் முகம் தெளிந்துவிடும். குடிக்கக்கூட முடியாமல் துவண்டு கிடக்கும் குழந்தைக்குத்தான் டிரிப்பும் ஆம்புலன்ஸும். மற்றவர்களுக்கெல்லாம் ஸ்பூன்.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு குளுக்கோஸ் பாட்டில்கூட ஏற்றிக்கொள்ளாமல் திரும்புவது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் திரும்புவது போல அவர்களுக்கு.

உப்புச் சர்க்கரைப் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. எல்லாரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய் ஒரு டம்ளரில் மொத்தப் பாக்கெட்டையும் கொட்டுவார்கள். கெட்டியாக இருந்தால் சீக்கிரம் குணமாகும் என்று எண்ணம். அப்படிக் கொடுத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்குத்தான் ஆபத்து. "சொன்னது போதுமுங்க, அவங்களையே செஞ்சு காட்டச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. செய்து காட்டச் சொன்னபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு வீட்டுச் சொம்பும் ஒவ்வொரு அளவு. பிறகு நான் இப்படிக் கேட்க ஆரம்பித்தேன்: "அம்மணி, சொசைட்டிக்குப் பால் ஊத்தறப்ப லிட்டரு எதுல அளப்பீங்க?" அதில் மட்டும் எந்த வீட்டிலும் ஒரு துளி ஏமாற மாட்டார்கள். "அந்தப் போசியிலதான் தண்ணி. ஆனா நல்லாக் கழுவிட்டு" என்பேன்.

சிங்க் மாத்திரை, அதாவது துத்தநாகச் சத்து மாத்திரை, எங்களுக்கு முதன்முதலாக வந்த அன்று டாக்டரம்மா எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "குழந்தைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி நம்ம நாக்கு தெரிஞ்சுக்கட்டுங்க." ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். முதலில் இனிப்பு. இனிப்பு போனதும், பழைய குழாயை நக்கியது போல ஒரு ருசி நாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அன்று மத்தியானம் வீட்டில் ரசம் நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டேன். குற்றம் சிங்க்குடையது, தண்டனை எனக்கு.

"பேதிதான் சில நாள்ல தானா நின்னுருதே, எதுக்குங்க டாக்டர் பதினாலு நாளு?" என்று கேட்டேன்.

"வெள்ளம் வடிஞ்சாப் போதுங்களா? ஒடைஞ்ச வரப்பை யாரு கட்டறதுங்க? குடலோட உள்தோலு அப்படித்தான். மிச்ச நாளெல்லாம் வரப்புக் கட்டற வேலை. ஒழுங்காக் கட்டுனா அடுத்த சில மாசத்துக்கு அவ்வளவு லேசுல ஒடையாது."

அதையே முன்ஜன்னலில் எல்லாருக்கும் சொன்னேன். ஒருவரும் வரப்புக் கட்டவில்லை. வெள்ளம் வடிந்ததும் மாத்திரை அட்டை அலமாரிக்குப் போய்விடும். ஒரு வீட்டில் அஞ்சறைப் பெட்டியில், சீரகத்துக்குப் பக்கத்துக் குழியில் மிச்ச மாத்திரைகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். "அடுத்த புள்ளைக்கு ஆகுமுங்களே" என்றார் அந்த அம்மணி. அடுத்த பிள்ளை அப்போது பிறக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் டவுனில் 'நல்ல கிருமி' பாக்கெட்டுகள் பரவின. தயிரில் இருக்கிற வகையறாக் கிருமிகளைப் பொடியாக்கி அடைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் கொப்பரைக் களம் வைத்திருந்த பாய் ஒருவர், மகளுக்கு வயிற்றுப்போக்கு என்று ஒரு பெட்டியே வாங்கி வந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்தப் பெட்டியோடு என் ஜன்னலுக்கு வந்தார்.

"என்ன மாத்திரைக்காரரே, இவ்வளவு வெல கொடுத்து வாங்கி ஒண்ணும் வேலை செய்யலையே!"

"எதுல கலக்கிக் கொடுத்தீங்க பாய்?"

"நல்லாக் கொதிக்கிற தண்ணியிலதான். எல்லாத்தையும் கொதிக்க வெய்யி, கொதிக்க வெய்யின்னு நீங்கதானே உசுரை வாங்குனீங்க?"

"வீட்டுல பாலுக்கு ஒறை எப்ப ஊத்துவீங்க?"

"பாலு ஆறுன பொறவு…" என்றவர் நிறுத்திவிட்டார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப அவ்வளவு கிருமியையும் வேக வெச்சுப்போட்டேனா?"

"சூப்பு வெச்சுட்டீங்க பாய்."

அவர் சிரித்த சிரிப்பில் அறைக்குள்ளிருந்து டாக்டரம்மாவே எட்டிப் பார்த்தார். மகளுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தீர்களா என்று அவர் கேட்க, பெட்டி வாங்கிய பெருமையில் அதை விட்டுவிட்டதாகப் பாய் சொன்னார். "கரைசல்தானுங்க மாப்பிள்ளை. சிங்க்கு பொண்ணு. இந்த நல்ல கிருமி விருந்தாளிங்க. வந்தாச் சந்தோஷம், ஆனா மாப்பிள்ளையை விட்டுப்போட்டு விருந்தாளியை மட்டும் மணவறையில உக்கார வெக்க முடியுங்களா?" என்றார் டாக்டரம்மா. இந்த விருந்தாளிக்கு எந்தப் பந்தியில் இடம் என்பதில் பெரிய டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு முடியவில்லை என்று கேள்வி. எனக்கு என் இடம் மட்டும் தெரியும்: பரிமாறுகிறவன்.

எங்கள் நிலையத்தைவிடக் கூட்டம் சேர்ந்த இடம் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அது தங்கமணி வீடு. தங்கமணி தொக்கம் எடுப்பவள். குழந்தைக்கு வாந்தியோ பேதியோ வந்தால், ஏதோ ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது, அதை எடுத்தால் சரியாகிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தொண்டையிலிருந்து வயிறு வரை எண்ணெய் தொட்டு நீவி, வாயில் சின்னக் குழலை வைத்து ஊதி, எடுத்ததை வெற்றிலையில் வைத்துக் காட்டுவாள். மாமியாரிடம் கற்ற வித்தை. வாயும் மாமியாரிடம் கற்றதுதான் என்பார்கள்.

பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தால் விடமாட்டாள்.

"ஏனுங் மாத்திரைக்காரரே, உங்ககிட்ட வந்த புள்ளை இன்னிக்கு என்றகிட்ட வந்துச்சுங்."

"அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஊதிக்கிட்டுத்தான் அது என்கிட்ட வந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே கடையாப் போட்டுக்கலாமா?"

"போடலாமுங். ஆனா உங்களை வெளியில வேப்பமரத்தடியிலதான் உக்கார வெப்பேன். உங்க மூஞ்சியைப் பார்த்தாப் புள்ளைங்க அழுவுது."

அது உண்மை. குழந்தைகள் அழுதன.

அவள் ஊதுவதைப் பற்றி டாக்டரம்மா எதுவும் சொன்னதில்லை. அவள் சொல்லும் பத்தியம்தான் அவருக்குக் கவலை. தொக்கம் எடுத்த பிறகு வயிறு ஆறும் வரை பால் கூடாது, தண்ணீர் கூடாது. ஒருநாள் டாக்டரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தங்கமணி வீட்டுக்கே நடந்து போனார்.

"தொக்கம் எடுங்க, நான் வேண்டாங்கலீங்க. தாய்ப்பாலையும் தண்ணியையும் மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க."

தங்கமணி இரண்டு இளநீர் வெட்டித் தந்துவிட்டுச் சொன்னாள்: "பத்தியமில்லாத வைத்தியத்தை எந்த ஊருங்க டாக்டரம்மா நம்பும்? இன்னது ஆகாதுன்னு சொன்னாத்தான் சனம் வைத்தியம்னே ஒத்துக்குது. எங்க மாமியா சொன்னதை நான் மாத்த மாட்டேனுங்க."

டாக்டரம்மா இளநீருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார். வழியில் "அவங்க சொல்றதுல ஒண்ணு இருக்குதுங்க" என்றார். இளநீரில் வழுக்கை இருந்ததைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமாங்க, நெம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

தங்கமணிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. ஊர்க் குழந்தைகளையெல்லாம் மடியில் போட்டு நீவியவளுக்குத் தன் மடிக்கு ஒன்று வரவில்லை. சென்னிமலைக்கு வேண்டிக்கொண்டு, நாற்பதை நெருங்கும்போது ஒரு மகன் பிறந்தான். வேலவன் என்று பெயர். அவன் தவழ ஆரம்பித்திருந்த சமயம்.

ஒருநாள் மத்தியானம், வெளிநோயாளிகள் போய்விட்டிருந்தார்கள். நர்ஸ் தடுப்பூசி போடப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். நான் என் அறையில் தயிர்ச்சோற்றுக்கு ஊறுகாய் தேடிக்கொண்டிருந்தேன். பின்ஜன்னல் கம்பியை யாரோ தட்டினார்கள்.

"ஏனுங்கண்ணா…"

தங்கமணி. அதுவரை என்னை அண்ணா என்று அவள் கூப்பிட்டதே இல்லை. முந்தானைக்குள் ஏதோ மூடியிருந்தது.

"முன்னால வந்தா ஊரு பார்க்குமுங். இவனுக்கு நேத்திருந்து வயித்தால போகுதுங்கண்ணா. என்ற கை என்ற புள்ளைக்கு ஆகாது. மாமியாளும் இப்ப இல்லை. பத்தியம் மட்டும் வெச்சுப் பார்த்தேன்."

"என்ன பத்தியம்?"

"பாலு கொடுக்கலீங்க."

முந்தானையை விலக்கினாள். குழந்தையின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவளுடைய ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

எதற்கும் ஒரு கிண்டல் தயாராக வைத்திருப்பவன் நான். அன்று வாயில் தயிர்ச்சோறு மட்டும்தான் இருந்தது. மருந்துப் பெட்டிகள் இறக்கும் பின்கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டு, டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினேன்.

டாக்டரம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் அறைக்கே வந்து, முன்ஜன்னலைச் சாத்தினார். "ஏனுங் சாமி, வயித்தைக் காட்டுங்க." தோலைக் கிள்ளி விட்டார். அது அவசரமே இல்லாமல் இறங்கியது. கண் குழிந்திருந்தது. அழுதான், கண்ணீர் வரவில்லை. ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனதும் அவன் தாவி வந்து ஸ்பூனைக் கடித்தான். டாக்டரம்மா மூச்சு விட்டார்.

"குடிக்கறாருங்க. அது போதும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வெச்சுக்கலாம். அது வர்ற வரைக்கும் ஸ்பூன் நிக்கக்கூடாதுங்க. குடிக்கறதை நிறுத்திட்டாருன்னா ஊசி வழியாப் போயிருவோம்."

நான் கரைசலைக் கலக்கினேன். ஸ்பூனும் கிண்ணமும் பிடிக்கத் தங்கமணிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்ததால் குழந்தையை என் மடியில் வைத்தார்கள். நர்ஸ் இல்லாத குறைக்கு நான் மடியானேன். என் உடம்பில் பயனுள்ள பாகம் என் தொப்பைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது; அதில் சாய்ந்து அவன் வசதியாக உட்கார்ந்துகொண்டான். தங்கமணி ஒரு ஸ்பூன் கொடுப்பாள், கொஞ்சம் நிறுத்துவாள், அடுத்த ஸ்பூன். டாக்டரம்மா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தான். தங்கமணி ஸ்பூனைப் போட்டுவிட்டாள். "பார்த்தீங்களா, ஒடம்பு ஏத்துக்க மாட்டேங்குது! பத்தியத்தை முறிச்சுப்போட்டேன், அதான்!"

"இல்லீங்க. பத்து நிமிஷம் பொறுப்போம். பொறவு இன்னும் மெதுவாக் கொடுங்க."

அந்தப் பத்து நிமிஷம் என் மடியில் ஒரு குழந்தை சும்மா கிடந்தது. அதன் வயிறு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கமணி கண்ணை மூடிக்கொண்டு சென்னிமலையானிடம் எதையோ பேரம் பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி ஸ்பூன். இம்முறை தங்கியது. அடுத்ததும் தங்கியது.

"அம்மணி, இப்ப பாலும் கொடுங்க."

"பத்தியம்ங்க…"

"பத்தியத்தை நான் பொறவு சொல்றேனுங்க. இப்பப் புள்ளை கேக்குது."

அவள் மகனை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் எதிர்ச்சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மூக்குக்கு நேரே காய்ச்சல் மாத்திரைப் பெட்டிகள். காலாவதித் தேதியை அவ்வளவு கவனமாக நான் வேலைபார்த்த காலம் முழுவதும் படித்ததில்லை. எனக்குப் பின்னால் குழந்தை விழுங்கும் சத்தம் கேட்டது. பிறகு தங்கமணி அழும் சத்தம்.

ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. காத்திருக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா மறுபடி தோலைக் கிள்ளிப் பார்த்தார். முன்னைவிடச் சுறுசுறுப்பாக இறங்கியது. மறுபடி என் மடி, மறுபடி ஸ்பூன். திடீரென்று என் வயிற்றில் ஒரு வெதுவெதுப்பு.

டாக்டரம்மா குரலை உயர்த்தியதே இல்லை என்று மேலே எழுதினேன் அல்லவா, அது பொய். ஒரே ஒரு தடவை உயர்த்தினார். "ஏனுங்க! ஒண்ணுக்குப் போயிட்டாருங்க!"

தேர்த்திருவிழாவில் தேர் நகர்ந்தால் கத்துவார்களே, அப்படி. உடம்பில் தண்ணீர் திரும்பிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. அது என் சட்டையில் எழுதி வந்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆனது என்று புரியாமல், நனைந்த சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்த என்னைத்தான் ஏற்ற வேண்டுமோ என்று பார்த்தார்.

ஆம்புலன்ஸை வெறுமனே திருப்பி அனுப்பினோம்; பொழுது சாயும்வரை தாயையும் பிள்ளையையும் போகவிடவில்லை. கிளம்பும்போது தங்கமணி கேட்டாள்: "இதுக்குப் பத்தியம் என்னங்க டாக்டரம்மா?"

பத்தியமெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"இருக்குதுங்க. கடுமையான பத்தியம். இந்த மாத்திரையைத் தினம் ஒண்ணு, உங்க பாலுலயே ஸ்பூன்ல கரைச்சுக் கொடுக்கோணும். பதினாலு நாளு. பேதி நின்னாலும் விடக்கூடாது. நடுவுல தாய்ப்பாலு நிறுத்தக்கூடாது. சாப்பாடு நிறுத்தக்கூடாது. பேதி நிக்கற வரைக்கும் ஒவ்வொரு தடவை போனதுக்கப்புறமும் கரைசலு கொடுக்காம இருக்கக்கூடாது."

"ஒரு நாளு விட்டுட்டா?"

"பத்தியம் முறிஞ்சதா அர்த்தமுங்க."

தங்கமணி மாத்திரை அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் வருஷக்கணக்காக விநியோகித்த அட்டைகளில் ஒன்றைக்கூட யாரும் அப்படி வாங்கியதில்லை. அப்போதுதான் எனக்கு அந்த இளநீர் நாள் பேச்சு விளங்கியது.

அதற்குப் பிறகு தினமும் பின்ஜன்னலில் கம்பி தட்டப்படும். அட்டையைக் காட்டுவாள். "இன்னிக்கும் முறியலீங்கண்ணா." அட்டை காலியாவதற்குள் வேலவன் கொழுகொழுவென்று ஆகி, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு என் கண்ணாடியைப் பிடுங்கினான்.

சில வாரம் கழித்து, முன்ஜன்னலுக்கு ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். "தொக்கம் எடுத்தாச்சுங்க. பத்தியத்துக்குப் பாக்கெட்டும் மாத்திரையும் இங்க வாங்கிக்கச் சொன்னாங்க. பதினாலு நாளு விடக்கூடாதாமா. விட்டா முறிஞ்சுருமாமா. டாக்டரம்மாகிட்டக் காட்டிப்போட்டுத்தான் வாங்கோணுமாமா." அடுத்த நாள் இன்னொருத்தி. அப்புறம் வரிசை. நானும் வரப்பு, வெள்ளம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, "பத்தியம் தெரியுமில்ல அம்மணி?" என்று மட்டும் கேட்க ஆரம்பித்தேன்.

மகனை எங்களிடம் கொண்டுவந்ததைத் தங்கமணி ஊரில் மூச்சு விடவில்லை. ஒருநாள் பின்ஜன்னலில் அதைக் கேட்டேன். "சொன்னா என்ற கைக்கு மதிப்புப் போயிருமுங்கண்ணா. மதிப்புப் போனா, நான் சொல்ற பத்தியத்தை அப்புறம் யாரு கேப்பாங்க?" என்றாள். நானும் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. வருஷங்கள் போயின. அவள் எப்போது வந்தாலும் பின்ஜன்னல்தான்.

துடியலூர்க் கண்ணு, இதுதான் சங்கதி. உங்கள் ஊர்ச் சனம் எதைக் கட்டாயம் கடைப்பிடிக்கும் என்று பார், மாத்திரையை அதற்குள் வை. அப்புறம், அறையில் ஒரு மாற்றுச் சட்டை எப்போதும் இருக்கட்டும்.

என் கடைசி வேலை நாள். மாலை போட்டிருந்தார்கள்; அதில் எறும்பு இருந்தது. அதைச் சொறிந்துகொண்டே முன்ஜன்னலில் கடைசிச் சீட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் திடீரென்று சலசலப்பு. பார்த்தால் வரிசை நடுவில் தங்கமணி. பள்ளிக்கூட உடுப்பில் வேலவன் கூடவே நின்றான். முன்னால் நின்ற பெண்களில் பாதிப்பேர் அவளிடம் குழந்தையைக் காட்டியவர்கள்.

"ஏனுங்க்கா, நீங்க எங்க இங்க? இந்த வரிசையில?" என்றாள் ஒருத்தி.

தங்கமணி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு பஸ் ஸ்டாப்பில் பேசுகிற அதே குரலில், வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"என்ற பையனுக்குத் தொக்கம் எடுத்தது இவருதானுங்."